ஆறு மாதம் நிற்கும் மோட்டார்ஹோமில் பேட்டரியை என்ன செய்வது?

கேள்வி: 2023 அக்டோபர் 3

அண்ணா, ஆகஸ்டில் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிக்கொண்டு ஓட்டிப்போகும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கினோம். இங்கே கனடாவில் கால்கரிக்கு வெளியே, வண்டிகளை நிறுத்திவைக்கும் ஒரு யார்டில் ஏப்ரல் வரை நிறுத்தப் போகிறேன். அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. கூரையில் 100 வாட் சோலார் ஒன்று இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா, அப்படியே விடலாமா? விற்றவர் "கதவுப் பக்கத்து ஸ்விட்சை ஆஃப் பண்ணினா போதும்" என்றார்.

2023 அக்டோபர் 3, இரவு

போதாது தம்பி. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எனக்கு இரண்டு பேட்டரி போனது.

2019-ல் வண்டி வாங்கிய முதல் வருடம். கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் ஸ்விட்ச் இருக்கும், ஒரு பக்கம் 'யூஸ்', மறுபக்கம் 'ஸ்டோர்'. அக்டோபர் 20 அன்று 'ஸ்டோர்' பக்கம் தட்டினேன், உள்ளே எல்லா விளக்கும் அணைந்தது, பெரிய வேலை முடித்த மாதிரி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜனவரி 8-ம் தேதி வண்டியில் விட்டிருந்த கம்பளி ஒன்றை எடுக்கப் போனேன். ஸ்விட்சை மறுபடி 'யூஸ்' பக்கம் தட்டினால் ஒன்றுமே எரியவில்லை. பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் இரண்டுக்கும் வயிறு உப்பியிருந்தது, ஒன்றின் மூலையில் மேலிருந்து கீழ்வரை விரிசல். மூடியைத் திருகி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஐஸ். பாகு முறிந்து கல்கண்டு பிடித்த மாதிரி தட்டுகளுக்கு நடுவே நின்றது. அன்று மைனஸ் 28.

எல்லோரும் "கனடா குளிர் பேட்டரியைக் கொன்றுவிட்டது" என்றார்கள், நானும் ஒரு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு. முழு சார்ஜில் இருக்கும் ஈய-அமில பேட்டரி மைனஸ் 50 வரை உறையாது. சார்ஜ் இறங்க இறங்க அமிலம் தட்டுகளோடு சேர்ந்துவிடும், மிஞ்சுவது ஏறக்குறைய தண்ணீர்தான். பாதி சார்ஜில் மைனஸ் 20-களில் உறையும், காலியான பேட்டரி மைனஸ் 7, 8-லேயே உறைந்துவிடும். என் பேட்டரி முதலில் காலியானது, அப்புறம்தான் உறைந்தது. வரிசை முக்கியம்.

உறைந்த பேட்டரியில் சார்ஜர் மாட்டாதே. வெடிக்கலாம். உருகும்வரை காத்திருந்து, வெளி ஓட்டைப் பார்த்து, விரிசல் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

2023 அக்டோபர் 4

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன், கணக்கு சொல்லவில்லை. ஸ்விட்ச் ஆஃப் செய்தும் எப்படிக் காலியானது என்று அப்புறம் ஒருநாள் மல்டிமீட்டரை மைனஸ் கம்பிக்கு நடுவே மாட்டிப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆனில் 0.31 ஆம்பியர். ஆஃப் செய்தால் 0.11. பூஜ்யம் வரவே இல்லை.

அந்த 0.11 எங்கே போகிறது? கேஸ் கசிந்தால் கத்தும் அலாரத்துக்கு 0.08, மீதி ரேடியோவின் கடிகார நினைவுக்கு. பல வண்டிகளில் கேஸ் அலாரத்தை ஸ்விட்சைத் தாண்டி நேரடியாகத்தான் இணைத்திருப்பார்கள், யாரும் தவறி அணைத்துவிடக் கூடாது என்று. நல்ல எண்ணம்தான்.

இப்போது பெருக்கிப் பார். ஒரு நாளைக்கு 2.64 ஏஹெச் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது). என் பேட்டரி ஜோடி 220 ஏஹெச். அக்டோபர் 20-லிருந்து ஜனவரி 8 வரை 80 நாள், 211 ஏஹெச். அலாரத்தில் சுண்டு விரல் அளவு பச்சை விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டே முழு பேட்டரியையும் குடித்து முடித்திருக்கிறது. இதைக் கணக்குப் போட்ட அன்றுதான் குளிரைத் திட்டுவதை நிறுத்தினேன்.

நீயும் அளந்து பார். ஆனால் மீட்டரை அப்படி மாட்டியிருக்கும்போது தண்ணீர் பம்ப், படிக்கட்டு மோட்டார் எதையும் தொடாதே, மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். எனக்கு இரண்டு போனது. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் மலிவான கிளாம்ப் இவ்வளவு சின்ன கரன்ட்டைச் சரியாகக் காட்டாது.

2023 அக்டோபர் 7

வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டிருந்தாய், அதற்குப் பதிலே சொல்லவில்லை.

நான் இரண்டு வருடம் கொண்டுவந்தேன். கோல்ஃப் வண்டியில் போடும் 6 வோல்ட் பேட்டரி (இரண்டு சேர்ந்தால்தான் 12), ஒன்று 28 கிலோவுக்குக் குறையாது. பேஸ்மென்ட் படியில் இறக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது, அமிலத் துளி பட்டு ஜீன்ஸில் அடுத்த துவையலில் ஓட்டை. வெறும் சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று யாரோ சொன்னதால் கீழே பலகை வேறு. தரை எதையும் இழுக்காது. இன்றைய பிளாஸ்டிக் ஓட்டில் அதற்கு வழியே இல்லை, அது பழங்காலப் பெட்டிகளோடு போன கதை.

வேடிக்கை என்னவென்றால், பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும் வேகம் சூட்டில்தான் அதிகம். ஏறக்குறைய 10 டிகிரி ஏறினால் இரண்டு மடங்கு. தண்ணீர் ஊற்றும் பேட்டரி 20, 25 டிகிரி அறையில் மாதத்துக்கு 5 சதவீதம்போல இழக்கும். மைனஸ் 15-ல் கிட்டத்தட்ட தூங்கிவிடும். ஆக, பேஸ்மென்ட்டில் சார்ஜர் இல்லாமல் வைப்பதைவிட, முழு சார்ஜ் ஏற்றி, கம்பியைக் கழற்றிவிட்டு, வெளியே குளிரில் விடுவதே மேல். ஃப்ரிட்ஜில் வைத்த மாவு மாதிரி, புளிப்பதும் மெதுவாகத்தான்.

அதனால் என் முடிவு: முழுசாக ஏற்று, மைனஸைக் கழற்று, அங்கேயே விடு. முதலில் மைனஸ், அப்புறம் தேவைப்பட்டால் பிளஸ். மாட்டும்போது மைனஸ் கடைசி. பிளஸ்ஸை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் வண்டி இரும்பில் பட்டால் பட்டாசுதான். மோதிரத்தை கழற்றிவிட்டு வேலை செய். கம்பிகளைப் போட்டோ எடுத்துக்கொள். என் மைனஸ் முனையில் நாலு கம்பி இருந்தது, ஏப்ரலில் எது எங்கே என்று முழித்தேன்.

2023 அக்டோபர் 8

இவ்வளவு எழுதியும் இன்ஜின் பேட்டரியை மறந்தே போனேன் பாருங்கள்!

மோட்டார்ஹோமில் இரண்டு கூட்டம். உள்ளே விளக்கு, பம்ப், ஹீட்டருக்கு வீட்டு பேட்டரி. ஸ்டார்ட் செய்ய இன்ஜின் பேட்டரி. கதவுப் பக்கத்து ஸ்விட்ச் பெரும்பாலும் முதல் கூட்டத்துக்கு மட்டும்தான். கூரை சோலாரும் பல வண்டிகளில் அதற்கு மட்டும்தான் ஏற்றும். முன்னால் பானட்டுக்குள் இருக்கும் பேட்டரியை இன்ஜின் கம்ப்யூட்டரும் ரேடியோவும் தனியாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதன் மைனஸையும் கழற்று. ஏப்ரலில் மாட்டியதும் கடிகாரம் பூஜ்யத்தில் நிற்கும், முதல் சில கிலோமீட்டர் ஐட்லிங் கொஞ்சம் தடுமாறும், பயப்படாதே, கம்ப்யூட்டர் மறுபடி கற்றுக்கொள்கிறது.

2023 அக்டோபர் 15

தம்பி மீட்டரில் 13.1 வோல்ட் காட்டுகிறது, அருமையான பேட்டரி என்று எழுதியிருக்கிறான். சார்ஜரைக் கழற்றி எவ்வளவு நேரம் ஆச்சு? பத்து நிமிடமா? அது மேலோட்டமான சார்ஜ், நம்பாதே. ஒரு ராத்திரி சும்மா விட்டுவிட்டு காலையில் பார். 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி, 12.0 கால், 11.9-க்குக் கீழே போனால் காலி என்று வைத்துக்கொள்.

அப்புறம் தண்ணீர். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு இன்வர்ட்டர் ஞாபகம் வருகிறது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012 வாக்கில், ஒரு நாளைக்குப் பலமுறை கரன்ட் போகும். அப்பா மாதம் ஒருமுறை மூடியில் இருக்கும் சிவப்பு மிதவையை குனிந்து பார்த்து, இறங்கியிருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் கேனோடு வந்து உட்காருவார். "குழாய்த் தண்ணியை ஊத்துனா பேட்டரிக்கு கல்லடைப்புதான்" என்பார். இங்கே மோட்டார்ஹோம் பேட்டரிக்கு மிதவை கிடையாது, மூடியைத் திறந்து தட்டு மூழ்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். தட்டு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவு மட்டும் ஊற்றி, முழுசாக ஏற்றி, அதன் பிறகு மீதியை நிரப்பு. முதலிலேயே விளிம்புவரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வெளியே வரும். ஊற்றிவிட்டுச் சார்ஜ் ஏற்றாமல் குளிரில் விடாதே, புதுத் தண்ணீர் கலக்காமல் மேலேயே நின்று உறையும்.

மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் சமையல் சோடாவை தண்ணீரில் கரைத்து பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிடு, மூடி இறுக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு. சோடா உள்ளே போகக் கூடாது.

2023 அக்டோபர் 29

சோலார் பற்றிக் கேட்கிறாய். என் பதில்: இந்த ஊரில் குளிர்காலத்தில் சும்மா அலங்காரம்.

டிசம்பர் கடைசியில் கால்கரியில் பகலே 8 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 15, 16 டிகிரிதான் ஏறும். கூரையில் படுத்திருக்கும் பேனலுக்கு அந்தச் சாய்ந்த வெயிலில் கால்வாசிகூடச் சரியாகக் கிடைக்காது. மேலே அரை அடி பனி வேறு. பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு.

2023 அக்டோபர் 30

எட்மன்டன்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் பேனலைக் கூரையில் வைக்கவில்லையாம், தெற்குப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே கிட்டத்தட்ட செங்குத்தாகக் கட்டியிருக்கிறாராம். பனி நிற்காது, சாய்ந்த வெயிலும் நேராக விழும். நான்கு குளிர்காலம் ஒரே பேட்டரி. நான் "அலங்காரம்" என்றது படுத்திருக்கும் பேனலுக்கு என்று திருத்திக்கொள்கிறேன். அப்படியும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

2023 நவம்பர் 19

ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வாரம் சினூக் அடித்தது. ராக்கி மலையைத் தாண்டி வரும் சூட்டுக் காற்று, காலையில் மைனஸில் இருந்தது மதியம் பிளஸ் 10-ஐத் தொட்டுவிடும், தலைவலி இலவசம். யார்டுக்குப் போய்ப் பார்த்தேன், என் கூரைப் பேனலில் பனி துளிகூட இல்லை, தானாகவே வழிந்துவிட்டிருந்தது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்து சார்ஜை அளவாக அனுப்பும் கன்ட்ரோலரில் 0.9 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. கால்கரி குளிர்காலத்தில் இப்படிச் சில முறையாவது வந்து பேனலைக் கழுவிவிட்டுப் போகும். இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

யோசித்தால் விஷயம் எளிது. ஸ்விட்சைத் தாண்டிப் போகும் அந்த 0.11 ஒழுகலை அடைத்துவிட்டால் சோலார் கொடுக்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஒழுகலை அடைக்காமல் சோலாரை நம்பினால்தான் டிசம்பரில் தோற்கிறோம். அதனால் இந்த வருடம் மாற்றிச் செய்துவிட்டேன். வீட்டு பேட்டரியின் மைனஸை மறுபடி மாட்டினேன், ஸ்விட்சை 'ஸ்டோர்' பக்கம் வைத்தேன், கேஸ் அலாரம், ரேடியோ இரண்டுக்குமான ஃப்யூஸ்களை உருவி எடுத்தேன். மீட்டரில் 0.01. அதுவும் சோலார் கன்ட்ரோலரின் சொந்தச் செலவு.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, சில வண்டிகளில் சோலார் கம்பி ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருப்பார்கள், ஸ்விட்சை அணைத்தால் சோலாரும் பேட்டரியும் பிரிந்துவிடும். வெயிலில் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுப் பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பார், வோல்ட் மெல்ல ஏறினால் சரி. மற்றது, பேட்டரியைக் கழற்றுவதானால் முதலில் பேனலைப் பிரி அல்லது போர்வையால் மூடு. பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் மாட்டியிருப்பது பல கன்ட்ரோலர்களுக்கு ஆகாது.

கேஸ் அலாரம் ஃப்யூஸை உருவுவது, புரொப்பேன் சிலிண்டரை மூடிவிட்டு ஆளில்லாமல் நிற்கும் வண்டிக்கு மட்டும். ஒரு ராத்திரி உள்ளே படுப்பதானாலும் அது திரும்ப உள்ளே போக வேண்டும். உருவிய ஃப்யூஸை டேப்பால் ஸ்டீயரிங்கில் ஒட்டிவை, மறக்கவே முடியாது.

2023 டிசம்பர் 10

லித்தியம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். என்னிடம் இல்லை, மச்சான் வைத்திருக்கிறான், அவன் பட்டதைச் சொல்கிறேன்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை குளிரில் சும்மா இருக்கும், வேலையும் செய்யும், ஆனால் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரியில் உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட், பிஎம்எஸ் என்பார்கள், தானே தடுத்துவிடும். அப்புறம் ஈய பேட்டரிக்கு நேர்மாறாக, இதைப் பாதி, அதற்குக் கொஞ்சம் மேலே வைத்து நிறுத்துவதுதான் நல்லது. மீட்டரை நம்பி அளவு சொல்லவும் முடியாது, 13.2, 13.3 வோல்ட்டிலேயே ரொம்ப தூரம் நிற்கும், அப்புறம் திடீரென்று விழும்.

மச்சானுடையது உள்ளேயே ஹீட்டர் வைத்தது. குளிர்ந்தால் தன்னையே சூடாக்கிக்கொள்ளும். அந்த ஹீட்டரின் ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டான். மூன்றே வாரத்தில் தன் சார்ஜை எரித்துத் தன்னையே கதகதப்பாக வைத்துக்கொண்டு, கடைசியில் பிஎம்எஸ் கதவைச் சாத்திக்கொண்டது. போன் ஆப்பில் பேட்டரியே தெரியவில்லை. வீட்டுக்குள் எடுத்துவந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு லித்தியம் சார்ஜரால் எழுப்பினான். லித்தியம்காரர்கள் மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பேன், எடையும் பாதிதான்.

2024 ஜனவரி 14

நேற்று சாயங்காலம் எங்கள் மாகாணம் ஆல்பர்ட்டாவில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியது. மின்சாரம் பற்றாது, தேவையில்லாததை எல்லாம் உடனே அணையுங்கள் என்று அரசாங்க எச்சரிக்கை. வெளியே மைனஸ் 30-க்கும் கீழே. எங்கள் வீட்டில் அம்மா சிரித்துவிட்டார். "இதுக்கா அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்தோம்?" நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் அணைத்ததில் பயன்பாடு இறங்கிவிட்டது, கரன்ட் போகவில்லை.

நான் அணைத்ததில் ஒன்று கராஜில் மாட்டியிருந்த பேட்டரி சார்ஜர். அது மச்சானுடையது.

2024 ஜனவரி 21

குளிர் விட்டதும் யார்டுக்குப் போய்ப் பார்த்தேன். வீட்டு பேட்டரி 12.7. இன்ஜின் பேட்டரி 12.6. ஓடு நேராக இருக்கிறது. தம்பி அனுப்பிய படத்திலும் 12.6. அந்த மைனஸ் 30 வாரத்துக்கு இது போதும்.

பக்கத்து வண்டியில் ஒரு பெரியவர் இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக்கொண்டிருந்தார், "மாதம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிடுவேன்" என்றார். வயதில் மூத்தவர், வாதாடவில்லை. இங்கே சொல்கிறேன்: இந்தக் குளிரில் ஒரு ஸ்டார்ட்டுக்கு எடுத்த சார்ஜே பத்து நிமிடத்தில் முழுசாகத் திரும்பாது, சைலன்சரிலும் ஆயிலிலும் ஈரம் தங்குவதுதான் மிச்சம். ஓட்டுவதானால் சூடேறும்வரை ரோட்டில் ஓட்டு, இல்லையென்றால் தொடாதே. ஜெனரேட்டர் வேறு கதை, அதை மாதம் ஒருமுறை பாதி லோடில் ஒரு மணி நேரமாவது ஓட்டச் சொல்வார்கள். யார்டில் பனியில் புதைந்த வண்டியில் நான் செய்வதில்லை. சோம்பல்தான், வேறு காரணமில்லை.

2024 பிப்ரவரி 18

"எங்கள் வீட்டு டிரைவ்வேயில் 24 மணி நேரமும் பிளக்கிலேயே மாட்டியிருக்கிறேன், எனக்குக் கவலையில்லை" என்பவர்களுக்கு ஒரு வரி. பழைய வண்டியில் பிளக் கரன்ட்டை எடுத்துப் பேட்டரிக்கு ஏற்றும் கன்வர்ட்டர் ஒரே வோல்ட்டில், 13.6-க்குக் கிட்டே, மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும். பேட்டரி மெல்லக் கொதித்துத் தண்ணீர் வற்றும். புதியவை பல கட்டமாக ஏற்றி, நிரம்பியதும் 13.2-க்கு இறங்கிக்கொள்ளும், அவை பரவாயில்லை.

இன்னொன்று. பிளக் மாட்டியிருக்கிறது என்பதால் கரன்ட் வருகிறது என்று அர்த்தமில்லை. 2021-ல் நண்பர் ஒருவரின் பண்ணையில் வண்டியை நிறுத்தி நீள வயர் போட்டிருந்தேன். வெளிச்சுவர் பிளக்கில் ஈரம் பட்டால் தானே விழும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்று உண்டு. பனி உருகிய ஒரு மதியம் அது விழுந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. ஆறு வாரம். பிளக்கில்தானே இருக்கிறது என்று 'ஸ்டோர்' ஸ்விட்சைக்கூட நான் தட்டவில்லை, 0.31-ஐ நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அது மார்ச் என்பதால் உறையவில்லை, ஆனால் வாரக்கணக்கில் காலியாகக் கிடந்ததில் தட்டில் சல்ஃபேட் இறுகிவிட்டது. ஏற்றினால் 12.7 காட்டும், ஒரு ராத்திரி ஹீட்டர் ஃபேன் ஓடினால் காலையில் 11.8. பேட்டரி ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, உள்ளே சார்ஜ் பிடிக்க இடமில்லை. இப்போது வயரின் வண்டி முனையில் சின்ன நைட் லாம்ப் ஒன்று மாட்டுகிறேன், சமையலறை ஜன்னலிலிருந்தே தெரியும்.

2024 ஏப்ரல் 21

தம்பி எழுதியிருக்கிறான்: மைனஸை மாட்டினானாம், சாவியைத் திருப்பினானாம், இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டதாம். வீட்டு பேட்டரி 12.5. அவன் கூரைப் பேனல் மார்ச் முழுக்கப் பனியில் இருந்தும். எலி மட்டும் டாஷ்போர்டுக்குள் கூடு கட்டி, ஹெட்லைட் கம்பியைக் கடித்து வைத்திருக்கிறது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

2024 மே 4

இன்று என் வண்டியையும் எடுத்தேன். எல்லாம் சுத்தம், 12.7. டேஷில் கடிகாரம் வந்தது, பம்ப் ஓடியது, குழந்தைகள் மேலே ஏறிப் படுத்துவிட்டார்கள். டீ போடலாம் என்று சிலிண்டரைத் திறக்கப் போனவன், கேஸ் அலாரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை என்று பார்த்து நின்றுவிட்டேன். ஸ்டீயரிங்கில் டேப் இல்லை. ஒட்டவே இல்லை போலிருக்கிறது. வண்டி முழுக்கத் தேடி, கடைசியில் மனைவி வீட்டிலிருந்து போன் செய்தாள். துவைக்கப் போட எடுத்த என் குளிர்கோட்டின் உள் பாக்கெட்டில் இரண்டு ஃப்யூஸும் ஒரு பஸ் டிக்கெட்டோடு கிடந்ததாம்.